ஒரு தோட்டாவுக்கு ஐந்து கால்

முப்பது வயதில் எனக்குப் பிரிவுபசார விழா நடந்தது. சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் தந்தார்கள். நீண்ட அனுபவத்தை இளைய தலைமுறைக்கு வழங்க வேண்டும் என்று ஒருவர் மைக் இல்லாமலேயே மைக் குரலில் பேசினார். வனத்துறையில் நான் பார்த்தது ஒப்பந்த வேலை. வேட்டைத் தடுப்புக் காவலர். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் யாரை வீட்டுக்கு அனுப்பினாலும் சால்வையோடுதான் அனுப்புவார்கள். ஆக, நான் முறைப்படி ஓய்வுபெற்றவன். இப்போது தக்கலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். மண்புழுவுக்கு மேல் பெரிய விலங்கு எதையும் தொடுவதில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எனக்குப் பின்னால் சேர்ந்த பையன்கள். போன வாரம் ஒருவன் போன் செய்தான்.

"அண்ணே, கேரளாக்காரன் சுட்ட பன்னி ஓடி வந்து நம்ம பக்கத்துல செத்துக் கெடக்கு. அவனுவ திருப்பிக் கேக்கானுவ. எப்டிண்ணே குடுக்கது?"

"ஒங்க வனவர்ட்ட கேளுடே."

"அவருதாண்ணே ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாரு. இந்த மாவட்டத்துலயே பன்னிய முறைப்படி எல்ல கடத்தி விட்டது நீங்க மட்டுந்தானாம்."

அது உண்மை. மார்பு கொஞ்சம் விரிந்தது. போனில் சொன்னது போதாது, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யானை வந்தால் எப்படி ஓட வேண்டும், காட்டுத்தீ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், கரடி வந்தால் ஏன் ஓடக் கூடாது என்று கற்றுத்தந்தார்கள். நான் எம்.எஸ்சி. விலங்கியல். கரடி வகுப்பில் மட்டும் மூன்று சந்தேகம் கேட்டு எல்லோருடைய மதியச் சாப்பாட்டையும் தாமதப்படுத்தினேன். உண்மையில் தொழிலைக் கற்றது தாணு சாரிடம்.

தாணு சார் எங்கள் வனவர், கொட்டாரத்துக்காரர். மெலிந்த ஆள், மெதுவான நடை. இடி விழுந்தாலும் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "கண்ணால காணணும், கையால தொடணும், பெறவுதான் எழுதணும்."

அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்பது கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் எனக்கு விளங்கியது. பின் சீட்டுக்கு அடியில் மலைப்பாம்பு என்று தகவல். பஸ் நிறையப் பால்வெட்டும் பெண்கள், காலடியில் ரப்பர் பால் கேன்கள். எல்லோரும் அலறியடித்து இறங்கி நிற்பார்கள் என்று நினைத்துப் போனால், ஒருவரும் இறங்கவில்லை.

"பாம்பு அதுக்க பாட்டுக்குக் கெடக்கு, நாங்க எங்க பாட்டுக்கு இருக்கோம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க சாரே, பால் ஒறஞ்சு போவும்" என்றார் ஒரு அக்கா.

தாணு சார் கண்ணாடியைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டி அந்தப் பாம்பின் முதுகைத் தொட்டார். தொட்டுவிட்டு என்னிடம், "எழுது. பின் இருக்கையின் கீழ் மலைப்பாம்பு ஒன்று. உயிருடன்" என்றார்.

"அது நெளியுதே சார், உயிரோடதான் இருக்குன்னு பாத்தாலே தெரியுமே?"

"பஸ் குலுங்கினாலும் நெளியும்."

பஸ்ஸை எடுக்கச் சொன்னார். பாம்பு, பெண்கள், பால், நாங்கள் எல்லோரும் ஒன்றாக ஆலைக்குப் போய் இறங்கினோம். பால் உறையவில்லை. பாம்பை அங்கேயே பின்பக்கத்துக் காட்டில் விட்டோம். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

இனி பன்றி.

எங்கள் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் எல்லைக்கு வேலி கிடையாது. செம்மண்விளையில் எல்லை என்பது ஒரு குறுகலான தார் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் தமிழ்நாடு. ரோடு யாருடையது என்பதில் இரண்டு பஞ்சாயத்துக்கும் சந்தேகம். ஆகையால் குழிகள் இரண்டு மாநிலத்துக்கும் பொது. ஆனால் சட்டம் பொது இல்லை. அந்தப் பக்கத்தில், பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைப் பஞ்சாயத்து உத்தரவோடு, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் சுடலாம். கறியை மட்டும் தொடக் கூடாது. அவர்களுடைய வன அலுவலர் முன்னால் மண்ணெண்ணெய் ஊற்றிக் குழியில் புதைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அப்போது அப்படி எந்த உத்தரவும் இல்லை. செத்த பன்றி எவன் நிலத்தில் கிடக்கிறதோ அவன் முதல் குற்றவாளி.

அன்று விடிந்ததும் விடியாததுமாக எனக்குப் போன் செய்தவர் ஸ்டெல்லா அக்கா. செம்மண்விளையில் ரோட்டை ஒட்டிய மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டம் அவருடையது. நர்ஸ். குவைத்தில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்க்கும் வேலை கிடைத்து, விசா வந்து, போலீஸ் சான்றிதழ் ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தார். பெயரில் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் எழுதித் தர வேண்டிய சான்றிதழ்.

"மக்கா, எனக்க வெளையில ஒரு பன்னி வந்து விழுந்து கெடக்கு. அக்கரையில வெடி கேட்டுது. நான் தொடல்ல. நீ வந்து எடுத்துட்டுப் போவணும். இன்னைக்கு ஸ்டேஷன்ல விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கு, நான் போயே ஆவணும்."

"நீங்க போங்கக்கா. யாரும் தொடாண்டாம்னு சொல்லுங்க. நாங்க வந்தாச்சு."

'வந்தாச்சு' என்று நான் சொன்னது காலையில். ஆனால் யானை வந்து போன ஒரு தோட்டத்தில் தாணு சார் ஒவ்வொரு வாழையையும் தொட்டு எழுதி முடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. ஜீப்பில் செம்மண்விளைக்குள் நுழையும்போது வார்டு மெம்பர் ராஜமணி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"சாரே, பன்னி எங்கயும் ஓடாது. செத்துப்போச்சுல்லா. இந்த வெயில்ல வெறும் வயித்தோட போயி எறச்சியப் பாத்தா தல சுத்தும். எனக்க வீட்டுல ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போவலாம்."

தாணு சாருக்குப் பசி. மெம்பர் வீட்டில் லில்லி அக்கா, அதாவது மெம்பரின் மனைவி, வேகவைத்த மரச்சீனியும் மிளகு போட்ட ஒரு கறியும் பரிமாறினார். "நாட்டுப் பன்னியாக்கும், சார்" என்றார் மெம்பர், யாரும் கேட்காமலே. எனக்கு இலை போட்ட நேரத்தில் போன் அடித்தது. வாசலுக்கு எழுந்து போனேன். ஸ்டெல்லா அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"மக்கா, நான் ஸ்டேஷன்ல இருந்து இப்பந்தான் வாறேன். பன்னி கூறாயிட்டு."

கூறு என்றால் என்ன என்பது எங்கள் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்மஸுக்கோ ஈஸ்டருக்கோ நாலைந்து வீடு சேர்ந்து ஒரு பன்றி அறுத்தால், கறியை வாழையிலையில் சமமாகப் பங்கு வைப்பார்கள். ஒவ்வொரு குவியலிலும் ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, எலும்பில் ஒரு துண்டு. ஒருவர் குவியல்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். அவ்வளவுதான், பங்கில் சண்டையே வராது. ஊரில் ஒரு பன்றி செத்துக் கிடந்து, அதைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, வர வேண்டிய அதிகாரி மத்தியானம் வரை வராமல் இருந்தால், யாரோ ஒருவர் முதுகைக் காட்டி நின்றுவிடுவார். அது கைகால் தன்னால் செய்கிற காரியம். பிறகு நிறுத்த முடியாது.

நான் உள்ளே போனேன். தாணு சார் இரண்டாம் முறை கறி வாங்கிக்கொண்டிருந்தார். காதில் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்து, கைகழுவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தோட்டத்தில் பன்றி விழுந்த இடத்தில் மரச்சீனி முறிந்து கிடந்தது. சாம்பல் இருந்தது, மயிர் பொசுக்கிய வாடை இருந்தது. பன்றி இல்லை. ஒரு கல்லின்மேல், மடியில் துப்பாக்கியும் பக்கத்தில் இலைப் பொட்டலமுமாக, அக்கரையில் சுட்ட தாமஸ் சேட்டன் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து பொட்டலத்தை நீட்டினார்.

"சாரே, இது தோட்டாவுக்கான கூறு. ஞான் வேண்டான்னு பறஞ்ஞு. இந்த ஊருக்காரங்க விடல்ல. எனிக்குக் கூறு வேண்டா, பன்னி வேணம். ஒரு தோட்டா போனா ஒரு பன்னி காட்டணம். காட்டல்லெங்கில் எனக்க லைசென்ஸ் போகும்."

ரோட்டின் அந்தப் பக்கத்தில் கேரள வன அலுவலர் பிஜு சார், குழி வெட்டும் இரண்டு ஆட்களோடு நின்றிருந்தார். எல்லையைத் தாண்டக் கூடாது என்று தார் ரோட்டின் ஓரத்தில் ஷூ நுனியை வைத்து நின்றார். அவர் பக்கத்தில் குழி தயார். பன்றிதான் பாக்கி.

தாணு சார் ஊரைக் கூட்டினார். குரலை உயர்த்தவில்லை.

"இந்தப் பன்னி அக்கரையில உத்தரவோட சுட்டது. அது முழுசா அக்கரைக்குத் திரும்பிப் போனா இஞ்ச ஒரு குற்றமும் நடக்கல்ல. போகல்லன்னா, இது தமிழ்நாட்டுல வேட்டையாடித் தின்ன பன்னி. வழக்கு நிலத்துக்காரி பேர்ல. இந்தத் தார்ப்பாய்ல கொண்டு வந்து வையுங்க. ஆரு கொண்டு வந்தான்னு நான் எழுத மாட்டேன்."

ஸ்டெல்லா அக்கா கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அந்த ஊரில் அவர் ஊசி போடாத ஆள் கிடையாது.

கூறுகள் வரத் தொடங்கின. இலையில், சட்டியில், ஐஸ் பெட்டியில். ஒருவர் உப்பும் மஞ்சளும் புரட்டியதைக் கொண்டு வந்தார். தாணு சார் கழுவி வைக்கச் சொன்னார். ஒருவர் குழம்போடு கொண்டு வந்தார், அதை வடிகட்டினோம். தலை வந்தது. வால் வந்தது, அது தனியாக ஒரு வீட்டிலிருந்து. விலங்கியல் படித்ததற்கு என் வாழ்க்கையில் வந்த ஒரே உருப்படியான வேலை அதுதான். நீலத் தார்ப்பாயில் மண்டியிட்டு, விலா எலும்புகளை வரிசையாக்கி, தோளைத் தோளோடு வைத்து, ஒரு காட்டுப்பன்றியைத் திரும்ப உண்டாக்கினேன். ஊரே சுற்றி நின்று யோசனை சொன்னது.

"லேய், அது தொடையாக்கும். மேல வை."

"நீயா அறுத்த?"

"நான் அறுக்கல்ல. எட்டி நின்னு பாத்தேன்."

தாணு சார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டார். நான் எழுதினேன். தலை ஒன்று. வால் ஒன்று. கால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

விரல் நின்றது. பிறகு நகர்ந்தது.

"ஐந்து."

ரோட்டுக்கு அப்பாலிருந்து பிஜு சார் எட்டிப் பார்த்தார்.

"சாரே, எங்ஙள் உத்தரவுல ஒரு பன்னின்னு உண்டு. ஒரு பன்னிக்கு அஞ்சு காலோ? நான் வாங்கான் பற்றில்ல, வாங்க முடியாது."

தாணு சார் எண்ணிப் பார்த்தார். ஐந்துதான். எல்லாக் காலும் தீயில் வாட்டி மயிர் போய், ஒன்றுபோல் கருத்திருந்தன.

"அஞ்சாவது கால்னா ரெண்டாவது பன்னி" என்றார். "ரெண்டாவது பன்னிய அக்கரையில ஆரும் சுடல்ல. அப்பம் இஞ்சதான் ஆரோ கொன்னிருக்கான். அது இந்த நெலத்துல கெடக்கு."

நான் துள்ளி எழுந்தேன். "சார், டி.என்.ஏ. பாக்கலாம். காட்டுப் பன்னியா வீட்டுப் பன்னியான்னு தெரிஞ்சுபோவும். நான் இப்பமே சாம்பிள் எடுக்கேன்."

"ரிசல்ட் எப்பம் வரும்?"

"ரெண்டு மூணு மாசம் ஆவும்."

"அதுவரைக்கும்?" என்று கேட்டவர் ஸ்டெல்லா அக்கா.

தாணு சார் அவரைப் பார்க்காமல் சொன்னார். "அதுவரைக்கும் விசாரணையில இருக்குன்னு எழுதணும். ஒங்க பேர்லதான் எழுதணும் பிள்ளே."

"எனக்க விசா இந்த மாசக் கடைசியில முடியும், சார்."

சொல்லிவிட்டு அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நாலு காலுள்ள பன்னிய அஞ்சு காலாக்கினது ஆரு? வச்சவங்க சொல்லுங்க. கையில ஒண்ணு கொறஞ்சா பயந்து ஒளிக்கிறது மனுசனுக்க வழக்கம். கூடுதலா வச்சுட்டு ஒளிச்சா நான் என்ன செய்வேன்? குவைத்துக்குப் பன்னிக்காலையா கொண்டு போவேன்?"

மெம்பர் ராஜமணி வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற லில்லி அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் வந்து தார்ப்பாயில் ஒரு காலைத் தொட்டுக் காட்டினார்.

"இது நான் கொண்டு வச்சது, சார். எங்க கூறுல வந்தது. சூப்பு வைக்க எடுத்து வச்சிருந்தேன். நீங்க சொன்னதும் பின்வழியே கொண்டு வந்துட்டேன். இனி இவருட்ட கேளுங்க. தோளுல ஒரு சாக்கு வச்சுட்டு வந்தாருல்லா, அதுல என்ன இருந்துன்னு."

"ஏட்டி, சும்மா இரி" என்றார் மெம்பர்.

"நான் சும்மா இருந்தா ஸ்டெல்லா கம்பி எண்ணுவா."

மெம்பர் உடைந்தார். கறி வீட்டில் வெந்துவிட்டது, காலும் சூப்பாகியிருக்கும், திருப்பி வைக்க வேறு வழியில்லை என்று பைக்கை எடுத்துக்கொண்டு குழித்துறைச் சந்தைக்கு ஓடி, ஒரு நாட்டுப் பன்றிக்காலை வாங்கி வந்து, வழியிலேயே வைக்கோலில் வாட்டி, கூட்டத்தோடு கூட்டமாக வைத்துவிட்டார். மனைவி அசல் காலைக் கொண்டுபோய் வைத்தது அவருக்குத் தெரியாது.

தாணு சாரின் முகம் தெளிந்தது. "அப்பம் அஞ்சாவது கால் கடையில வாங்கினது. செரி. ஆனா எழுதணும்னா முழுசா எழுதணும். உங்க கூறுல கால் வந்தாச்சு. எறச்சி எங்க?"

லில்லி அக்கா கையைப் பிசைந்தார். மெம்பர் மறுபடி வானத்துக்குப் போனார்.

"சொல்லுங்க."

"சார் ரெண்டாமதும் வேணும்னு கேட்டீங்களே" என்றார் லில்லி அக்கா, மிக மெதுவாக.

ரோட்டுக்கு அப்பால் பிஜு சாருக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்பது அவர் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கியதில் தெரிந்தது.

தாணு சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். மெம்பர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"சாரே, இது எழுதாண்டாம். பன்னி எடை கொறஞ்சு கெடந்துன்னு எழுதுங்க. காக்கா கொண்டு போச்சுன்னு எழுதுங்க. உங்க வேலைக்கு ஆபத்து."

"காக்காவ நான் காணல்ல, ஓய்" என்றார் தாணு சார். "எறச்சியக் கண்டேன். தொட்டேன். தின்னும் பாத்தேன். இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?"

என் பக்கம் திரும்பினார். "எழுது, தம்பி."

எழுதினேன். அந்த மகஜர், அதாவது சம்பவ இடத்து அறிக்கை, இன்றும் எனக்கு மனப்பாடம். 'அக்கரையில் உத்தரவின்படி சுடப்பட்ட ஆண் காட்டுப்பன்றி ஒன்று, தலை, வால், கால் நான்குடன் மீட்கப்பட்டது. உடன் காணப்பட்ட கால் ஒன்று சந்தையில் வாங்கிய நாட்டுப் பன்றியுடையது, வனவிலங்கு அல்ல. காட்டுப்பன்றியின் இறைச்சியில் ஒரு பகுதி, உண்மை அறியாத நிலையில், ஆய்வு அலுவலரின் வசம் உள்ளது.'

"வசம்னா சார்?"

"வயித்துலன்னு எழுதினா மரியாதையா இருக்காது."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்தக் காகிதத்தை வைத்து யார்மேல் வழக்குப் போடுவதானாலும் முதலில் தாணு சார்மேல் போட வேண்டும். அவர்மேல் போட மேலே இருப்பவர்கள் மகஜரைச் சத்தமாக வாசித்தாக வேண்டும். யார் வாசிப்பார்கள்? அவர் அதைக் கணக்குப் போட்டுச் செய்தாரா, எழுதாமல் இருக்க முடியாமல் செய்தாரா என்று பிறகு கேட்டேன். "கையெழுத்து ஒழுங்கா இருக்கா பாரு" என்பதுதான் பதில்.

ஆனால் பிஜு சார் விடவில்லை. "அப்போ பன்னிடெ ஒரு பாகம் தமிழ்நாட்டுல தன்னெ உண்டு. முழுசா கிட்டியில்லன்னு எனக்கும் எழுதணமல்லோ." தாணு சார் ரோட்டின் இந்த ஓரத்தில் நின்று, கைக்கு எட்டும் தூரத்தில் நின்ற அவரிடம் மகஜரின் நகலை நீட்டினார். பிஜு சார் அதைப் படித்து, சிரிப்பை விழுங்கி, சல்யூட் அடித்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார்.

தார்ப்பாயின் நான்கு மூலையையும் நானும் தாமஸ் சேட்டனும் ஸ்டெல்லா அக்காவும் லில்லி அக்காவும் பிடித்தோம். பன்றி இரண்டே எட்டில் மாநிலம் மாறி வீடு போய்ச் சேர்ந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி மூடினார்கள். தாமஸ் சேட்டன் தொப்பியைக் கழற்றி நின்றார். பன்றிக்காகவா லைசென்ஸுக்காகவா தெரியாது. மிஞ்சிய ஐந்தாவது காலைத் தாணு சார் மெம்பரிடம் கொடுத்தார்.

"இது உம்மோடது. இதுல சட்டத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. கொண்டு போயி சூப்பு வையும்."

மெம்பர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார்.

ஸ்டெல்லா அக்காவின் சான்றிதழ் வந்தது. பெயரில் வழக்கு எதுவும் இல்லை. விமானநிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். "மக்கா, பெட்டிய எடை போட்டாவ. எனக்கு ஒரே பயம், உள்ள ஒரு கால் கூடுதலா இருக்குமோன்னு."

கோப்பு மேலே போய்ப் பல மாதம் சத்தமில்லாமல் கிடந்தது. நான் வேலையை விட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மேலலுவலகத்திலிருந்து ஒரு வரியில் விளக்கம் கேட்டு வந்தது. மகஜரை முழுக்கப் படிக்காத யாரோ புது அதிகாரி. 'ஆய்வு அலுவலரின் வசம் உள்ள பகுதி எப்போது, எங்கே, யார் முன்னிலையில் அகற்றப்பட்டது?'

தாணு சார் என்னை எதிரில் உட்கார வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எழுதினேன்.

'மறுநாள் காலையிலேயே, இவ்வலுவலரின் குடியிருப்பில். சாட்சிகள் இல்லை.'

அதற்குப் பிறகு ஒரு விளக்கமும் கேட்கவில்லை.